என்னை விருந்தாளியாக வைத்திருக்காததற்கு நன்றி

டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரை மையத்தில் என்னோடு வேலை பார்த்த அனைவருக்கும்,

உங்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். நேரில் நன்றி சொன்னால் நீங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். காது சிவந்துவிடும், பார்வை ஜன்னல் பக்கம் போகும், மழை வரும்போலிருக்கிறது என்று பேச்சை மாற்றுவீர்கள். நான் கிளம்பிய அன்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு வாழ்த்து அட்டையும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்தீர்கள். நானும் பதிலுக்கு நாலு வரி எழுதிச் சமையலறைப் பலகையில் குத்திவிட்டு வந்தேன். அந்த நாலு வரியில் அடங்காததை என் ஊர்க்காரர்கள் படிக்கும் பத்திரிகையில், அவர்களையே சாட்சி வைத்துச் சொல்கிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் இவர்களில் இருப்பார்கள். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

வரவேற்புக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. மையத்துக்குப் பக்கத்து ஊரான கெசிக்குக்கு ரயில் கிடையாது என்று பென்ரித் நிலையம்வரை வண்டி அனுப்பினீர்கள். கேக் இருந்தது, படுக்கையில் வெந்நீர்ப் பை இருந்தது. ஆனால் வந்தவரை உபசரிப்பதில் திருநெல்வேலிச் சீமையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது எனக்குப் புதிதல்ல. நான் நன்றி சொல்வது மறுநாள் காலைக்கு. சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் என் பெயர் அதற்குள் ஏறியிருந்தது. மாடிக் கழிப்பறைகள் எனக்கும் மையத்தின் இயக்குநருக்கும். அவர் இரண்டு வாளியோடு வந்தார், ஒன்றை என்னிடம் நீட்டினார், வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஊர்க்காரர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றொரு மலைநாடு. மலை, ஏரி, ஆடு, மழை, இவ்வளவுதான். அங்கே கிறிஸ்தவ அறக்கட்டளைகள் நடத்தும் வெளிப்புறச் சாகச மையங்கள் உண்டு. திங்கள் முதல் வெள்ளிவரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் பத்துப் பதினோரு வயதுக்காரர்கள், தங்க வருவார்கள். சனி ஞாயிறில் சபைக் குழுக்கள். பிள்ளைகளைப் பாறையில் ஏற்றுவது, படகில் துடுப்புப் போட வைப்பது, வெட்சூட்டும் ஹெல்மெட்டும் மாட்டி ஓடைக்குள் நடத்திக் கூட்டிப்போவது, ராத்திரி நெருப்பு மூட்டிக் கதை சொல்வது எல்லாம் எங்கள் வேலை. தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

நான் போனது குலுக்கல் விசாவில். 2023 முதல் பிரிட்டன் இந்தியர்களுக்கு இப்படியொரு வழி வைத்திருக்கிறது. 18 முதல் 30 வயதுக்குள் இருக்கவேண்டும், பட்டம் வேண்டும், கணக்கில் 2,530 பவுண்டு காட்டவேண்டும். பெயரைக் கொடுத்தால் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள். விழுந்தால் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு காசநோய்ப் பரிசோதனை, பிள்ளைகளோடு வேலை என்பதால் போலீஸ் நற்சான்று என்று காகிதங்கள் நீளும். காகிதத்தைவிடக் கஷ்டமாக இருந்தது என் சொந்தக்காரர்கள்தான். ‘பி.இ. முடிச்ச பிள்ள அங்க போயி சின்னப் பிள்ளைகள மலையேத்தப் போவுதாளா?’ என்று அத்தை கேட்டது வள்ளியூர்ச் சந்தைவரை கேட்டிருக்கும்.

அவளிடம் கழிப்பறை விஷயத்தை அம்மா பல மாதம் மறைத்து வைத்திருந்தாள். அதற்குக் காரணம் கௌரவம் மட்டுமல்ல. எங்கள் ஊரில் அந்த வேலைக்கென்று தனி ஆட்கள் உண்டு. அவர்கள் எந்தத் தெரு என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே கோயிலில் ஒரே பாட்டைப் பாடினாலும் அந்தத் தெரு மறப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சபையில் அசனம் நடக்கும். முந்தின ராத்திரியே ஊர்கூடிக் காய் வெட்டுவோம். வாத்தியாரும் வக்கீலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவில் கரண்டி போடுவார்கள், எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவோம். மறுநாள் அவரவர் இடத்துக்கு அவரவர் திரும்பிவிடுவோம். உங்கள் மையத்தில் நான் பார்த்தது வருஷம் முழுக்க ஓடுகிற அசனம். இயக்குநரின் பெயருக்கு எதிரே கழிப்பறை என்று எழுதியிருப்பதை நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். உங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அதைப் பெருமையாக நீங்கள் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

கிட்டங்கிக்காரருக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உடுப்புகளும் கயிறுகளும் வைத்திருக்கும் அந்த நீள அறைக்கு நீங்கள்தான் ராஜா. முதல் வாரத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பருத்திச் சுடிதாரைச் சுட்டி, மலையில் இது ஆளைக் கொல்லும் என்றீர்கள். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும், கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைக் காக்கும். வெயிலுக்குப் பருத்தியைத் தவிர வேறு தெரியாத ஊரிலிருந்து வந்தவளுக்கு இது தலைகீழ்ப் பாடம். உள்ளே மெல்லிய கம்பளி, அதற்குமேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே மழைச்சட்டை. நடக்கும்போது ஒன்றைக் கழற்று, நின்றால் உடனே போடு, குளிரும்வரை காத்திருக்காதே. பாரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்று ஒரு குக்கிராமம் இருக்கிறது. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களிலேயே மழை அதிகம் அங்கேதான், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். மழை எட்டிப்பார்த்தாலே செய்தியாகிவிடுகிற வட்டாரத்துக்காரி நான். அந்தக் கிராமத்தின் வழியாக வாரம் தவறாமல் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனேன்.

உடுப்பு உலர்த்தும் அறையை எப்படி மறப்பது! இருபது முப்பது பிள்ளைகளின் நனைந்த காலுறை, சேறு காய்ந்த பூட்ஸ், ரப்பர் வெட்சூட், இவற்றின்மேல் இரவு முழுக்க ஓடும் வெந்நீர்க் குழாயின் அனல். கதவைத் திறந்தால் வரும் வாடைக்குப் பெயர் கிடையாது. வீட்டு நினைப்பு வந்த ராத்திரிகளில் நான் அந்த அறையில்தான் போய் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கட்டடத்திலேயே வள்ளியூர் மே மாதம் அங்கே மட்டும்தான் இருந்தது. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எப்போதோ ஒருநாள் அங்கே ஒரு முக்காலி வந்து சேர்ந்தது, யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. அவித்த உருளைக்கிழங்கின்மேல் இனிப்பான அவரைப்பயறை ஊற்றி ஒரு வேளைச் சாப்பாடு என்று கொடுக்கிற தேசம் அது. ஊறுகாய்ப் பாட்டில் என்னைக் காப்பாற்றியது. பிறகு அந்தப் பாட்டில் உங்களையும் காப்பாற்றத் தொடங்கியதால் சீக்கிரம் காலியாகிவிட்டது.

இனி கயிற்றுக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

1993 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்கரையில், லைம் ரீஜிஸ் பக்கத்துக் கடலில் கயாக் ஓட்டப் போன பள்ளி மாணவர்களில் நாலு பேர் இறந்துபோனார்கள். குளிர்ந்த கடல், போதாத ஏற்பாடு, தாமதமான தகவல். அந்தச் சாவுகளின் பேரில் 1995-ல் ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாறையேற்றம், மலைநடை, நீர்விளையாட்டு, குகை என்று கூட்டிப்போகிற மையங்கள் உரிமம் வாங்கித்தான் நடத்தவேண்டும் என்று ஆயிற்று. ஒவ்வொரு கயிற்றுக்கும் வாங்கிய தேதி, எத்தனை தடவை பயன்பட்டது என்று ஒரு ஏடு, பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் காலம் முடிந்தால் கழித்துவிடுவது, காலையில் எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்று பலகையில் எழுதுவது என்று நீங்கள் செய்கிற அத்தனையும் முதலில் எனக்கு வெறும் காகிதக் கெடுபிடியாகப்பட்டது. அந்த நாலு பேரின் கதையை ஒருவர் சொன்ன பிறகு அப்படிப்படவில்லை.

ஆனால் சட்டத்தில் எழுதாத ஒன்றும் அங்கே இருந்தது. பாறையில் ஏறுவதற்கு முன் ஏறுகிறவரும் கீழே கயிறு பிடிக்கிறவரும் ஒருவரையொருவர் சோதிக்கவேண்டும். இடுப்புப்பட்டை எலும்புக்கு மேலே இறுகியிருக்கிறதா, எட்டுமுடிச்சு இரண்டு வளையங்கள் வழியாகவும் போயிருக்கிறதா, முடிச்சின் வால் போதுமான நீளமா, கராபினரின் திருகு பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் அமுக்கியும் பார்க்கவேண்டும். இதில் மூத்தவர் இளையவர் பேச்சில்லை. நான் சேர்ந்து சில வாரம்கூட ஆகியிருக்காது. உங்களில் மூத்த பயிற்றுநர் என் எதிரே வந்து, கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, ‘பார்’ என்றார். என் வயதைவிட அதிக வருஷம் மலையேறியவர். ஊர் மலைமீட்புக் குழுவில் சம்பளமில்லாத தொண்டர், சாப்பாட்டு நடுவே அழைப்பு வந்தாலும் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவர். இவரை நான் சோதிப்பதா?

கராபினரின் திருகு பூட்டாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் பெரியப்பா குழம்பில் உப்பில்லை என்றால் உப்பில்லை, இருக்கிறது என்றால் இருக்கிறது. பெரியவர்கள் தப்புச் செய்தால் அதைப் பார்க்காத மாதிரி இருப்பதற்குப் பெயர் மரியாதை. அப்படி வளர்ந்த வாய், அன்றைக்குத் திறக்க மறுத்தது. கடைசியில், அந்தத் திருகு ஒருவேளை கொஞ்சம் என்று ஏதோ முனகினேன். அவர் சிரிக்கவில்லை. ‘காற்றடிக்கிற பாறையில் இந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. திரும்பச் சொல்’ என்றார். திருகு பூட்டவில்லை என்றேன். ‘இன்னும் சத்தமாக.’ கத்தினேன். பக்கத்துப் பாறையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திருகைப் பூட்டினார், நன்றி என்றார், ஏறத் தொடங்கினார். இருநூறு அடிக்குக் குறைவில்லாத அந்தப் பாறையில் அவர் உயிர் கொஞ்ச நேரம் என் வலது கையில் இருந்தது.

அவர் வேண்டுமென்றே பூட்டாமல் விட்டாரா, உண்மையிலேயே மறந்தாரா? இன்றுவரை கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். பரிவு காட்டுவது, பாடம் சொல்லித்தருவது, பார்த்துக்கொள்வது என்று எல்லாமே மேலிருந்து கீழே வருபவை. வாங்குகிறவள் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். வெளிநாட்டில் போய் இறங்குகிறவருக்கு முதல் வருஷம் முழுக்க அப்படித்தான் போகும்: வங்கிக் கணக்குக்கு ஒருவர் உதவவேண்டும், மருத்துவரிடம் பதிய ஒருவர் உதவவேண்டும், பேருந்தில் எந்தப் பக்கம் ஏறுவது என்றுகூட ஒருவர் சொல்லவேண்டும். நல்லவர்கள் உதவி செய்யச் செய்யத்தான் ஆள் சின்னதாகிக்கொண்டே போவாள். நீங்கள் உதவியும் செய்தீர்கள், அதோடு உங்கள் பிள்ளைகளின் கயிற்றையும், பிறகு உங்கள் கயிற்றையும் என் கையில் கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் நான் அந்த ஊரில் குடியேறினேன். விசாவில் இருக்கிற தேதி வேறு.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது காரில் பெரியப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ‘பெரியப்பா, பெல்ட்டப் போடுங்க’ என்றேன், சத்தமாகவே. கார் முழுக்க அமைதி. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிறந்ததிலிருந்து மகேந்திரகிரியைப் பார்த்தவள். 1,600 மீட்டரைத் தாண்டும் மலை. ஒருநாளும் ஏறியதில்லை. அது காட்டிலாகாவின் மலை, எங்களுக்கு அது காலண்டர் படம். உங்கள் கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக்கும் 978 மீட்டரோடு நின்றுவிடும். இதையா மலை என்கிறார்கள் என்று முதலில் நினைத்ததை இங்கே சொல்லிவிடலாம். மூடுபனிக்குள் பத்தடிக்கு அப்பால் தெரியாமல் திசைகாட்டியோடு நின்ற பிறகு உயரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சின்ன மலைகளில் ஏற யாரையும் அனுமதி கேட்கவேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய அதிசயம். கேட்பெல்ஸ் அடிவாரத்து ஏரிக்கரை, பிராண்டல்ஹவ், பொதுமக்களிடம் பணம் திரட்டி 1902-ல் வாங்கப்பட்டது. அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர் கிராஸ்த்வெய்ட் கோயிலின் குருவானவர் ரான்ஸ்லி, நேஷனல் டிரஸ்ட்டை 1895-ல் தொடங்கிய மூவரில் ஒருவர். கோயில்காரர் ஒருவர் நிலத்தைச் சபைக்கு எழுதிவாங்காமல் ஊருக்கு வாங்கிக் கொடுத்தார் என்று எங்கள் டயோசிசன் ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்தக் கதையை நான் ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்லவேண்டி வந்தது. பிராட்ஃபோர்ட் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்தாள், ஹெல்மெட்டுக்கு அடியில் முக்காடு, தாத்தா பாட்டி பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். கனூவில் எனக்கு முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, நம்மைப் போன்றவர்கள் இங்கே வரலாமா என்று கேட்டாள். நம்மை என்றபோது என் கையையும் அவள் கையையும் பார்த்தாள். பிராண்டல்ஹவ் கதையைச் சொன்னேன், எல்லாருக்குமாக வாங்கிய கரை இது, எல்லாரும் வரலாம் என்றேன். கொஞ்சநேரம் துடுப்புப் போட்டுவிட்டு, ‘அப்படியானால் ஏன் வருவதில்லை?’ என்றாள். என்னிடம் பதில் இல்லை. சாயங்காலக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நீங்களும் சமாதானம் சொல்லவில்லை. யாரும் அப்படியெல்லாம் இல்லை என்று மழுப்பவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பள்ளியின் அம்மாக்களையும் ஒருநாள் அழைத்தீர்கள். வந்தவர்கள் கொண்டுவந்த பிரியாணி பற்றி நான் தனிக் கடிதம் எழுதவேண்டும். விளம்பர ஏட்டின் அட்டையில் என் படத்தைப் போட நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்டதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நெருடல் இருந்தது. கேட்டுவிட்டுத்தான் போட்டீர்கள், சரி.

விசுவாசத்தைப் பற்றி எழுதாவிட்டால் அம்மா விடமாட்டாள். நான் வளர்ந்தது டோனாவூருக்குப் பக்கத்தில். கெசிக் என்ற பெயர் எனக்கு இங்கிலாந்து வரைபடத்திலிருந்து தெரிந்ததல்ல, ஞாயிறு பள்ளியிலிருந்து தெரிந்தது. 1875-ல் கெசிக்கில் ஒரு கூடாரத்தில் தொடங்கிய கன்வென்ஷன் முதன்முதல் பணம் கொடுத்து அனுப்பிய மிஷனரி ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்துக்காரர். கெசிக்கிலிருந்து அதிகத் தூரமில்லாத பிராட்டன் கிரேஞ்சில், கன்வென்ஷனைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் வில்சனின் வீட்டில் மகள் மாதிரி இருந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார், 1901 முதல் டோனாவூர், 1951-ல் அங்கேயே இறந்தார். நடுவில் ஒருதடவைகூடத் தாய்நாடு போகவில்லை. பிள்ளைகளை அக்கினி வெயிலிலிருந்து கொஞ்சநாள் கூட்டிப்போவதற்காக 1917-ல் திருக்குறுங்குடி மலைமேல் நரைக்காட்டை வாங்கி, அங்கே ஆற்று மடுவில் நீந்தப் பழக்கினார். நீங்கள் செய்கிற வேலையை நூறு வருஷத்துக்கு முன் எங்கள் மலையில் ஒரு அம்மையார் செய்திருக்கிறார். ஜூலைக் கன்வென்ஷனில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் எந்த ஊர் என்று கேட்ட ஒரு கிழவி, டோனாவூர் என்ற பெயரைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

வெள்ளைக்காரன் அன்றைக்கு நமக்குக் கொண்டுவந்து கொடுத்தான், இப்போது நாம் போய் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பிரசங்கிகள் பேசுவார்கள். மான்செஸ்டரில் ஒரு பழைய தேவாலயம் இப்போது பாறையேற்றப் பயிற்சிக் கூடம். தூண்களுக்கு நடுவே கயிறு தொங்குகிறது. அந்தப் படத்தைக் காட்டினால் போதும், அரைமணி நேரப் பிரசங்கம் தயார். நான் உள்ளே போய் ஏறியிருக்கிறேன். உயரமான, நல்ல கூடம். எனக்கு அந்தப் பிரசங்கத்தில் சம்மதமில்லை. உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நோவாவைக்கூடத் தெரியாது. நீங்கள் யாரையும் பிடித்து உட்காரவைக்கவில்லை. ராத்திரி நெருப்பைச் சுற்றிப் பத்து நிமிஷம் பேச்சு, விரும்புகிறவர்கள் கேட்கலாம், ஆசிரியர் வேண்டாமென்றால் அதுவும் இல்லை. காலை ஜெபத்தில் கொதிகலனுக்காக ஜெபிப்பீர்கள், முடித்த கையோடு பழுதுபார்ப்பவருக்கும் போன் செய்வீர்கள். கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஜெபிக்கிற சபையிலிருந்து வந்தவளுக்கு உங்கள் மௌனம் முதலில் யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருந்தது. பிறகு வியாழக்கிழமை ஜெபத்தை என்னிடம் விட்டீர்கள், தமிழிலேயே செய் என்றீர்கள். ஒரு சொல் புரியாமல் தலைகுனிந்து நின்றுவிட்டு, எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னீர்கள்.

கெட்டது டிசம்பர்தான். நாலு மணிக்கு முன்பே இருட்டு. பள்ளிகள் வராது, படகுக்கு வண்ணம் பூசுவதும் கயிறு எண்ணுவதுமாக நாள் போகும். இலையுதிர் காலத்திலிருந்தே எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளும்படி அந்நாட்டு அரசாங்கமே சொல்கிறது, அப்படியொரு இருட்டு. நான் பேசுவது குறைந்துபோனது. யாரும் என்னை உட்காரவைத்து ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், மறுநாளும் அழுதிருப்பேன். பட்டியலில் என் பெயருக்கு எதிரே நடுப்பகல் நேரத்தில் ‘சுவர்’ என்று வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரோடு இடிந்துபோன கல்சுவரை எடுத்துக் கட்டவேண்டும். சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. இரண்டு முகமாகக் கல்லை அடுக்கி, நடுவில் சில்லுகளை நிறைத்து, இடையிடையே இரண்டு முகத்தையும் பிணைக்கிற நீளக் கல் வைத்துக் கட்டுவது. அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு விதி சொன்னார்: கையில் எடுத்த கல்லைக் கீழே போடாதே, அதற்கு இடம் கண்டுபிடி. இருக்கிற வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் கல்லையும் இடத்தையும் தவிர வேறொன்றும் நினைக்கமுடியாது. சுற்றிலும் சாம்பல்நிற ஹெர்ட்விக் ஆடுகள் மென்றுகொண்டு நிற்கும். பொங்கலுக்குள் எனக்குத் தூக்கம் திரும்பி வந்துவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லைப் பட்டியலில் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது, வீட்டுப் பராமரிப்பு அக்கா.

இப்போது ஸ்காட்லாந்தில், ஸ்பே ஆற்றுப் பக்கத்து இன்னொரு கிறிஸ்தவ மையத்தில் இருக்கிறேன். இங்கேயும் பட்டியல் உண்டு, வாளி உண்டு. மலை பெரிது, மிட்ஜ் என்கிற கொசுக்குஞ்சு ஆளைத் தின்கிறது. வந்த முதல் வாரமே தலைமைப் பயிற்றுநரின் முடிச்சில் வால் போதாது என்று சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக் கட்டினார். எங்கே பழகினாய் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

ஒரு வேலை பாக்கியிருக்கிறது, இதை மட்டும் உங்களுக்கு ஆங்கிலத்திலும் எழுதி அனுப்புவேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெண் குலுக்கலில் விழுந்து, உங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். என்னிடம் போனில் பேசினாள். நல்ல பிள்ளை, கொஞ்சம் வாயடக்கம், மீன் இல்லாமல் சோறு இறங்காது. கிட்டங்கிக்காரரே, அவள் பாதம் ரொம்பச் சின்னது, பிள்ளைகள் அளவு பூட்ஸில் ஒரு ஜோடி எடுத்து வையுங்கள். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள் என்பதால் தண்ணீர் என்றால் பயமில்லை, அதுதான் எனக்குக் கவலை. குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே பட்டால் மூச்சு எப்படி நின்று இழுக்கும் என்று அவளுக்குத் தெரியாது, போனில் சொன்னால் சிரிக்கிறாள். ஏப்ரலிலேயே ஏரிக்குள் இறக்கிவிடாதீர்கள். முதலில் கரையோரம் இடுப்பளவில் நிறுத்தி மூச்சைப் பழக்குங்கள், ஜூன் வந்ததும் ஆழத்துக்கு விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வியாழக்கிழமை ஜெபக்காரி